ஹெட்ஃபோன்ல கேக்க ஒரு சிடி ப்ளேயர்: கம்மி காசுல நல்லதா பாத்து வாங்கறது எப்படி

வீட்ல ஒரு அட்டைப்பெட்டி நிறைய பழைய சிடி இருக்கு, இப்ப வர்ற லேப்டாப்ல சிடி போட இடமே இல்ல, ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு ஒரு முழு ஆல்பத்த முதல் பாட்டுலேர்ந்து கடைசி பாட்டு வரைக்கும் போன் தொந்தரவு இல்லாம கேக்கணும்னு ஆசை. இப்படி இருக்கறவங்களுக்காகத்தான் இத எழுதறேன். நான் இந்த தேடல்ல ரெண்டு மூணு மெஷின் வாங்கி, ஒண்ண திருப்பிக் குடுக்க முடியாம வச்சிருந்து, கடைசில ஒரு செட்டப்ல நிம்மதியா உக்காந்தவன், அந்த வழில தெரிஞ்சிக்கிட்டதெல்லாம் வரிசையா சொல்றேன்.

பெரும்பாலும் எல்லாரும் என்ன பண்றாங்கன்னா முதல்ல ப்ளேயர தேடறாங்க, எந்த பிராண்டு, உள்ள எந்த சிப்புன்னு. ஹெட்ஃபோன்ல கேக்கறவங்களுக்கு அது தலைகீழ் வழி. முதல்ல உங்க கையில இருக்கற ஹெட்ஃபோன பாருங்க, அதுலேர்ந்து பின்னாடி நடந்து ப்ளேயருக்கு வாங்க. ஸ்பீக்கர்னா நடுவுல ஒரு ஆம்ப், அதான் சிக்னல பெருசாக்கித் தள்ளற பெட்டி, இருக்கும், ப்ளேயர் எதுவா இருந்தாலும் அது சமாளிச்சிரும். ஹெட்ஃபோன நேரா ப்ளேயர் ஜாக்ல சொருகினா அந்த ஜாக்தான் ஆம்ப், அதோட பலவீனம் அப்படியே காதுக்கு வரும்.

முதல் படி: ஹெட்ஃபோனோட ரெண்டு நம்பர்

பெட்டி மேல, இல்லன்னா கம்பெனி சைட்ல ரெண்டு விஷயம் போட்டிருக்கும். ஒண்ணு ஓம், அதாவது ஹெட்ஃபோன் கரண்ட எவ்வளவு தடுக்குதுங்கற அளவு. இன்னொண்ணு சென்சிடிவிட்டி, அதாவது குடுக்கற பவருக்கு எவ்வளவு சத்தம் வருதுங்கற அளவு. சாதாரண இயர்ஃபோன் 16 ஓம், 32 ஓம். ஆடியோ டெக்னிக்கா எம்50எக்ஸ் 38 ஓம், காஸ் போர்ட்டா ப்ரோ 60 ஓம், சென்ஹைசர் ஹெச்டி 600 வந்து 300 ஓம். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ ஒரே பேர்ல 32, 80, 250 ஓம்னு வேற வேற வகையா வருது, அதனால பேர மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, உங்ககிட்ட இருக்கறது எதுன்னு கப் மேல எழுதியிருக்கும், பாத்துக்கங்க.

ஒரு கணக்கு போட்டு காட்டறேன். கையடக்க சிடி ப்ளேயர், அதான் டிஸ்க்மேன்னு நம்ம எல்லாரும் சொல்றது, அதுல 2000க்கு அப்புறம் வந்த நிறைய மாடல்ல 16 ஓம்ல 5 மில்லிவாட்னு போட்டிருப்பாங்க. அத வோல்ட்டா மாத்தினா சுமார் 0.28 வோல்ட். ஹெச்டி 600க்கு 1 வோல்ட் குடுத்தா 97 டெசிபல் சத்தம் வரும்னு கம்பெனி கணக்கு. 0.28 வோல்ட்னா அது 86 டெசிபலுக்கு இறங்கிடும், அதுவும் பாட்டோட உச்சத்துல. பாட்டோட சராசரி சத்தம் உச்சத்த விட 15, 20 டெசிபல் கீழதான் இருக்கும், அப்ப ஃபுல் வால்யூம் வச்சாலும் பக்கத்துல ஒருத்தர் மெதுவா பேசற அளவுதான் கிடைக்கும். ஒரு கர்நாடக கச்சேரி ரெக்கார்டிங்ல மெதுவான ஆலாபனை வந்தா ஃபேன் சத்தத்துல அமுங்கிடும். அதே டிஸ்க்மேன்ல 16 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 105 டெசிபல் சென்சிடிவிட்டி இருக்கற இயர்ஃபோன மாட்டினா அந்த 5 மில்லிவாட்லயே 112 டெசிபல் வருது, பாதி வால்யூமே ஜாஸ்தி. மெஷின் ஒண்ணுதான், ஹெட்ஃபோன் மாறினா கதையே மாறுது.

ஆக 60 ஓமுக்கு கீழ, சென்சிடிவிட்டி நல்லா இருக்கற ஹெட்ஃபோன்னா டிஸ்க்மேன் போதும். 150 ஓமுக்கு மேல போனா தனி ஹெட்ஃபோன் ஆம்ப் வேணும்னு இப்பவே பட்ஜெட்ல எழுதிக்கங்க. நடுவுல இருக்கறவங்க உங்க ஹெட்ஃபோன கையில எடுத்துட்டுப் போயி கேட்டுப் பாத்து முடிவு பண்ணுங்க.

ரெண்டாவது படி: எந்த வழின்னு முடிவு பண்றது

கம்மி காசுல மூணு வழி இருக்கு. ஒண்ணு டிஸ்க்மேன். ரெண்டு, முன்னாடி ஹெட்ஃபோன் ஜாக் இருக்கற முழு சைஸ் சிடி டெக், அதான் மேஜை மேல வைக்கற பெரிய ப்ளேயர். மூணு, பழைய டிவிடி ப்ளேயர வெறும் சிடி படிக்கற வேலைக்கு மட்டும் வச்சிக்கிட்டு, சத்தத்த உருவாக்கற வேலைய வெளில ஒரு டேக்குக்கு குடுக்கறது. டேக்னா டிஜிட்டல் நம்பர அனலாக் சிக்னலா மாத்தற பெட்டி, ஹெட்ஃபோன் ஆம்ப்பும் அதுலயே சேந்து வர்றது நமக்கு வசதி.

நான் மூணாவது வழியதான் மனசார சொல்லுவேன், ஏன்னு கேளுங்க. சிடில இருக்கறது செகண்டுக்கு 44,100 சாம்பிள், ஒவ்வொண்ணும் 16 பிட், 1982ல சோனியும் பிலிப்ஸும் கொண்டு வந்தப்போ இருந்த அதே கணக்கு. லேசர் நல்லா இருந்தா, டிஸ்க் சுத்தமா இருந்தா, டிவிடி ப்ளேயர் படிக்கற நம்பரும் லட்ச ரூபா ப்ளேயர் படிக்கற நம்பரும் ஒண்ணுதான். வித்தியாசம் வர்றது அதுக்கப்புறம், நம்பர் சத்தமா மாறற இடத்துலயும் அந்த சத்தம் ஹெட்ஃபோன தள்ளற இடத்துலயும். காசு அங்க போகட்டும்.

நிறைய வீட்ல பரண் மேல ஒரு டிவிடி ப்ளேயர் தூங்கிட்டிருக்கும், இறக்கி பின்பக்கம் பாருங்க. ஆரஞ்சு கலர்லயோ கருப்புலயோ ஒரு ஒத்த ஆர்சிஏ ஓட்டை (டிவிக்கு போற வயர் சொருகற அதே வட்ட ஓட்டை), பக்கத்துல கோஆக்சியல்னு எழுதியிருந்தா உங்களுக்கு யோகம், டிஜிட்டல் நம்பர் அப்படியே வெளில வர்ற வழி அது. சில மாடல்ல அதே நம்பர வெளிச்சமா அனுப்பற ஆப்டிக்கல் இருக்கும், சின்ன மூடி போட்ட சதுர ஓட்டை. வெறும் ஹெச்டிஎம்ஐ மட்டும் இருந்தா இந்த வேலைக்கு விட்டுருங்க. கோஆக்சியலுக்கு தனியா விலை ஒசந்த கேபிள் வாங்க வேண்டாம், டிவிக்கு போற மஞ்சள் கலர் வீடியோ கேபிள் 75 ஓம்தான், இதுக்கு வேண்டியதும் 75 ஓம்தான், அதையே சொருகுங்க. டிவிடி மெனுல ஒரு தடவ டிவில மாட்டி, டிஜிட்டல் அவுட்புட்ட பிசிஎம்னு (அமுக்காத நேரடி நம்பர்) மாத்தி வச்சிருங்க, அப்புறம் டிவி தேவையில்ல, சிடி போட்டா தானா ஓடும். முன்னாடி பாட்டு நம்பர் காட்டற டிஸ்ப்ளே இருக்கற மாடலா இருந்தா ரொம்ப நல்லது, இல்லன்னா எத்தனாவது பாட்டுல இருக்கோம்னே தெரியாது.

டேக் வாங்கும்போது ஒரு விஷயத்துல கண்டிப்பா கவனமா இருங்க. போன்ல சொருகற குட்டி டாங்கிள் எல்லாம் யுஎஸ்பி மட்டும்தான் எடுக்கும், அது டிவிடி ப்ளேயரோட பேசாது. கோஆக்சியல் இல்ல ஆப்டிக்கல் இன்புட் இருக்கணும், அவுட்புட் இல்ல, இன்புட். சிலதுல கோஆக்சியல்னு போட்டிருக்கும், பாத்தா அது வெளில போற வழியா இருக்கும். ஃபியோ கே5 ப்ரோ, கே7 ரெண்டுலயும் ரெண்டு இன்புட்டும் இருக்கு, ஆம்ப்பும் உள்ளயே இருக்கு, 300 ஓம் ஹெட்ஃபோனும் தாராளமா ஓடும். கே5 ப்ரோவ இப்ப செகண்ட்ஹேண்ட்ல தேடினா காசு மிச்சம்.

இந்த வழில ஒரு குறை இருக்கு. சில டிவிடி ப்ளேயர் ஒரு ட்ராக் முடிஞ்சு அடுத்த ட்ராக் ஆரம்பிக்கும்போது நடுவுல ஒரு நொடி அமைதியாயிடும். தனித்தனி சினிமா பாட்டுன்னா தெரியாது. கச்சேரி சிடில ஆலாபனை ஒரு ட்ராக், கீர்த்தனை அடுத்த ட்ராக்னு பிரிச்சிருப்பாங்க, தம்புரா ஓடிட்டே இருக்கும்போது டக்குனு அறுந்து மறுபடி வந்தா அந்த ராக உணர்வே போயிரும். வாங்கறதுக்கு முன்னாடி இப்படி ஒரு டிஸ்க போட்டுப் பாருங்க.

சிடி டெக் வழி அழகான வழி, மேஜை மேல வச்சா பாக்க நல்லா இருக்கும், ட்ரே வெளில வர்ற அந்த நிதானமே தனி சுகம். ஆனா எல்லா டெக்லயும் ஹெட்ஃபோன் ஜாக் இருக்காது, இருந்தாலும் வால்யூம் நாப் இருக்காது, ஒரே சத்தம்தான். மாரன்ட்ஸ் சிடி6006, சிடி6007 மாதிரி மாடல்ல ஜாக்கும் நாப்பும் ரெண்டும் இருக்கு, புதுசா வாங்கினா விலை எகிறும், பழசா கிடைச்சா யோசிக்கலாம். ஜாக் இல்லாத டெக் சல்லிசா கிடைச்சா அதுவும் நல்ல விஷயம்தான், பின்னாடி ஆர்சிஏல 2 வோல்ட் வாக்குல வரும், அத ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப்புக்கு குடுத்தா முடிஞ்சது.

புதுசாதான் வேணும், பழசு நோண்ட நேரமில்லன்னு இருக்கறவங்களுக்கு ஃபியோ டிஎம்13 மாதிரி புது கையடக்க ப்ளேயர் வருது, பழைய டிஸ்க்மேன விட நல்லாவே தள்ளும். அப்புறம் முதல் பிளேஸ்டேஷன், பின்னாடி சிவப்பு வெள்ளை ஆர்சிஏ ஓட்டை இருக்கற ஆரம்ப மாடல், அதுக்கு சிடி ப்ளேயராவே உலகம் பூரா ரசிகர்கள் உண்டு. கிடைச்சா வச்சிக்கங்க, தேடி அலைஞ்சு ஜாஸ்தி விலை குடுக்காதீங்க, அதோட லேசரும் வயசானதுதான்.

மூணாவது படி: ஜாக்கோட அவுட்புட் இம்பீடன்ஸ்

பலரும் கவனிக்காம விடறது இதத்தான். ஹெட்ஃபோனுக்கு ஒரு ஓம் இருக்கற மாதிரி ஜாக்குக்கும் ஒரு ஓம் உண்டு, அதுதான் அவுட்புட் இம்பீடன்ஸ். டெக்ல இருக்கற ஹெட்ஃபோன் ஜாக்குக்கு உள்ள நிறைய கம்பெனி ஒரு ரெசிஸ்டர (கரண்ட தடுக்கற சின்ன பாகம்) சீரீஸ்ல, அதாவது சிக்னல் போற வழிலயே, போட்டு வச்சிருக்கும், 100 ஓமுக்கு மேலகூட. 1996ல வந்த ஒரு சர்வதேச தரமே 120 ஓம்னு சொல்லிச்சு, அதனால தப்பா செஞ்சாங்கன்னு சொல்ல முடியாது, அந்தக் காலத்து ஹெட்ஃபோனுக்கு அது சரி. இப்ப நம்ம போடற 16, 32 ஓம் இயர்ஃபோனுக்கு அது ஆகாது. ஹெட்ஃபோனோட ஓம் எல்லா சுருதிக்கும் ஒண்ணா இருக்காது, ஒரு இடத்துல ஏறும், ஒரு இடத்துல இறங்கும், ஜாக் பக்கம் ஓம் ஜாஸ்தியா இருந்தா அந்த ஏற்ற இறக்கம் அப்படியே சத்தத்துல வந்துரும். நான் ஒரு டெக்ல மூணு ட்ரைவர் (சத்தம் எழுப்பற குட்டி பாகம்) வச்ச ஒரு இயர்ஃபோன மாட்டினப்போ மிருதங்கத்தோட தொப்பி மட்டும் ஊதிப் பெருத்து, வீணையோட மீட்டு சத்தம் மழுங்கிப் போச்சு, மெஷின் கெட்டுப்போச்சுன்னுதான் நினைச்சேன். அதே இயர்ஃபோன போன் டாங்கிள்ல மாட்டினா சரியா இருந்தது. கோளாறு பொருத்தத்துலதான்.

பொதுவா சொல்ற கணக்கு, ஜாக்கோட ஓம் ஹெட்ஃபோன் ஓம்ல எட்டுல ஒரு பங்குக்குள்ள இருக்கணும். 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு 4 ஓம். ப்ளேனார் வகை (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து சத்தம் எழுப்பற) ஹெட்ஃபோனுக்கு இது அவ்வளவா பொருட்டில்ல, அதோட ஓம் எல்லா சுருதிக்கும் கிட்டத்தட்ட ஒரே கோடா இருக்கும்.

இத வீட்லயே அளக்கலாம். 50 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ண, அதாவது ஒரே சுருதில ஓடற சத்தத்த, ஒரு சிடி-ஆர்ல (கம்ப்யூட்டர்ல நாமே எழுதற சிடி) எழுதிக்கங்க. பழைய ஆக்ஸ் கேபிள் ஒண்ண வெட்டி, ஒரு பக்க வயரும் கிரவுண்டும் வெளில எடுத்து மல்டிமீட்டர ஏசி வோல்ட்ல வைங்க, 2 வோல்ட் ரேஞ்ச் இருக்கற மீட்டரா இருக்கணும், 200 வோல்ட்லேர்ந்து ஆரம்பிக்கற மலிவு மீட்டர் இவ்வளவு சின்னத காட்டாது. டோன ஓட விட்டு வால்யூம ஒரு இடத்துல நிறுத்தி அளவு எழுதிக்கங்க, 0.50னு வச்சிப்போம். அப்புறம் ஒரு 33 ஓம் ரெசிஸ்டர, கடைல சில்லறைக்கு கிடைக்கும், அந்த ரெண்டு வயருக்கும் குறுக்க வச்சு மறுபடி அளங்க. 0.40க்கு இறங்கினா, இறங்கின 0.10ஐ மிச்சமிருக்கற 0.40ஆல வகுத்து 33ஆல பெருக்கினா 8 ஓம் சொச்சம் வரும், அதுதான் உங்க ஜாக்கோட நிஜ நம்பர். பாதிக்கு மேல விழுந்தா குறைஞ்ச ஓம் இயர்ஃபோன் அதுல வேண்டாம். வயர் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு தொடாம பாத்துக்கங்க.

நாலாவது படி: கடைல நின்னு பாக்கறது

சென்னைல இருக்கறவங்க ரிச்சி ஸ்ட்ரீட், பர்மா பஜார் பக்கம் போவீங்க, மத்த ஊர்ல ஓஎல்எக்ஸோ தெரிஞ்ச மெக்கானிக்கோ. எங்க போனாலும் பையில மூணு டிஸ்க் எடுத்துட்டுப் போங்க: 70 நிமிஷத்துக்கு மேல ஓடற ஒரிஜினல் சிடி ஒண்ணு, வீட்ல எழுதின சிடி-ஆர் ஒண்ணு, லேசா கீறல் விழுந்த டிஸ்க் ஒண்ணு. கூடவே உங்க ஹெட்ஃபோன்.

ஏன் நீளமான சிடின்னா, சிடி உள்ளேர்ந்து வெளிப்பக்கமா படிக்கப்படுது. முதல் பாட்டு நடுவுல, கடைசி பாட்டு ஓரத்துல. உள்ள நிமிஷத்துக்கு சுமார் 500 சுத்து, ஓரத்துக்கு வரும்போது 200. கடைக்காரர் எப்பவும் முதல் பாட்டத்தான் போட்டுக் காட்டுவார், அது ஓடும், ஓடாம என்ன. நான் அப்படித்தான் ஒரு டெக்க ஒரு கடைல முதல் பாட்டு கேட்டுட்டு சந்தோஷமா தூக்கிட்டு வந்தேன், ஒம்போதாவது பாட்டுலேர்ந்து டிக் டிக்னு தாவ ஆரம்பிச்சது, வித்தது வித்ததுதான்னு சொல்லிட்டாங்க. அதனால முதல்ல கடைசி பாட்டுக்கு தாவுங்க, ரெண்டு நிமிஷம் கேளுங்க, அங்கேர்ந்து நேரா முதல் பாட்டுக்கு வாங்க, இத நாலஞ்சு தடவ பண்ணுங்க. தாவி ஒரு ரெண்டு மூணு செகண்டுல பாட்டு வந்துரணும். உள்ள லென்ஸ் வண்டி நகர்ற சத்தம் சர்ர்னு ஒரே மாதிரி இருக்கணும், கட கடன்னு பல்சக்கரம் கடிக்கற சத்தம் வந்தா வேண்டாம்.

அடுத்து சிடி-ஆர். எழுதின டிஸ்க் கம்பெனி டிஸ்க விட வெளிச்சத்த கம்மியா திருப்பி அனுப்பும், சோர்ந்து போன லேசர் இங்கதான் மாட்டும். ஒரிஜினல் ஓடி சிடி-ஆர் திணறினா லேசருக்கு வயசாயிடுச்சுன்னு எடுத்துக்கலாம், ரொம்ப பழைய எண்பதுகள் மாடல் சிலது மட்டும் விதிவிலக்கு.

இன்னொரு விஷயம், சில மெக்கானிக்குங்க சோர்ந்த லேசர ஓட வைக்க அதுக்குப் பக்கத்துல இருக்கற குட்டி ப்ரீசெட்ட (ஸ்க்ரூட்ரைவரால திருகி அளவ கூட்டிக் குறைக்கற பாகம்) திருகி கரண்ட ஏத்தி விடுவாங்க. அப்போதைக்கு பளிச்சுனு படிக்கும், கொஞ்ச நாள்ல மொத்தமா செத்துரும். மூடி திறந்து பாக்க விட்டா அந்த ப்ரீசெட்ல ஸ்க்ரூட்ரைவர் கீறல் இருக்கான்னு பாருங்க. ஓடிட்டிருக்கும்போது லென்ஸுக்கு நேரா மட்டும் குனிஞ்சு பாக்காதீங்க, 780 நானோமீட்டர் லேசர், கண்ணுக்கு மங்கலா தெரியறதால ஒண்ணும் இல்லன்னு தோணும், அப்படி இல்ல.

ட்ரே திறக்க மாட்டேங்குதுன்னா பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், சின்ன காசுல மாத்திரலாம், அத சொல்லியே விலைய குறைங்க. லேசர் போயிருந்தா உள்ள கேஎஸ்எஸ்-213 மாதிரி பரவலா கிடைக்கற பிக்கப்பா (லேசரும் லென்ஸும் சேந்த பகுதி) இருந்தா மாத்த வழி உண்டு, வேற அபூர்வமான யூனிட்னா விட்டுருங்க. ரிமோட் இருக்கான்னு கேளுங்க, சில டெக்ல பாட்டு நம்பர் அடிக்கறது ரிமோட்ல மட்டும்தான் இருக்கும்.

அஞ்சாவது படி: கரண்ட்

இதுல தப்பு பண்ணினா மெஷின் போயிரும், அதனால நிதானமா படிங்க. ஜப்பான்லேர்ந்து வந்த டெக் 100 வோல்ட், நம்ம வீட்ல 230. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாம சொருகினா அன்னைக்கே புகை. பின்பக்க ஸ்டிக்கர்ல பாருங்க, 100னு மட்டும் இருந்தா ட்ரான்ஸ்ஃபார்மர் விலையையும் கணக்குல சேருங்க. டிஸ்க்மேன்ல நிறைய 4.5 வோல்ட், சில பழசு 9 வோல்ட், நடு முனை ப்ளஸ்ஸா மைனஸான்னு ஜாக் பக்கத்துலயே சின்னதா படம் போட்டிருக்கும். அடாப்டர்ல இருக்கற படமும் அதுவும் ஒண்ணா இருந்தாதான் சொருகணும். மலிவு அடாப்டர்ல ஹெட்ஃபோன்ல ம்ம்னு ஒரு ரீங்காரம் வரும், பேட்டரில ஓட்டிப் பாருங்க, போயிட்டா அடாப்டர்தான் குற்றவாளி.

ஆறாவது படி: டிஸ்க்மேன்ல அணைக்க வேண்டியது

அதிர்ச்சில தாவாம இருக்க டிஸ்க்மேன் முன்கூட்டியே படிச்சு மெமரில வச்சிக்கும், 10 செகண்ட், 40 செகண்ட்னு. அந்த மெமரி பத்தாததால சில மாடல் பாட்ட அமுக்கி வைக்கும், சத்தம் கொஞ்சம் தேயும். மேஜைல வச்சு கேக்கறவங்களுக்கு அது எதுக்கு, ஸ்விட்ச் இருந்தா அணைச்சிருங்க. சோனில ஏவிஎல்எஸ்னு ஒரு ஸ்விட்ச் வால்யூம தடுத்து வைக்கும், சத்தமே வரலன்னு பல பேர் குறை சொல்றது அது ஆன்ல இருக்கறதால. மெகா பேஸ், அதான் கீழ் சுருதிய தூக்கிக் காட்டற ஸ்விட்ச், உங்க இஷ்டம், ஆனா வாங்கும்போது அத அணைச்சிட்டு கேளுங்க. டிஸ்க்மேன் சிலதுல ஹெட்ஃபோன் ஜாக் தவிர லைன் அவுட்டுன்னு, அதாவது வெளி ஆம்ப்புக்கு குடுக்கற ஓட்டை, தனியா இருக்கும், 90கள்ல வந்த பலதுல அதுக்குள்ளயே ஆப்டிக்கலும் ஒளிஞ்சிருக்கும், அது இருந்தா நாளைக்கு ஒரு டேக் வாங்கி இணைச்சுக்கலாம், அப்படிப்பட்டது கிடைச்சா நூறு இருநூறு ஜாஸ்தி குடுத்தாலும் தகும்.

ஏழாவது படி: வீட்டுக்கு வந்தப்புறம்

முதல் வேலை லென்ஸ் துடைக்கறது. ப்ளக்க உருவிடுங்க. 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல பட்ஸ நனைச்சு, சொட்டாம பிழிஞ்சு, லென்ஸ் மேல வச்சும் வைக்காத மாதிரி ஒரு சுத்து, அவ்வளவுதான். அந்த லென்ஸ் மெல்லிசான கம்பில மிதந்துட்டிருக்கு, அழுத்தினா உள்ள போயி கோணிக்கும். பத்து நிமிஷம் காய விடுங்க. பல வருஷம் சமையலறை பக்கத்துல இருந்த மெஷின்னா லென்ஸ் மேல எண்ணெய்ப் படலம் இருக்கும், இந்த ஒரு துடைப்புல திணறினது சரியாகிடறத நான் பாத்திருக்கேன்.

டிஸ்க்கையும் பாருங்க. அடிப்பக்க கீறலுக்கு ரொம்ப பயப்படாதீங்க, சிடில பிழை திருத்தற ஏற்பாடு இருக்கு, ரெண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்கு தகவல் மொத்தமா போனாலும் அத கணக்குப் போட்டு மீட்டுரும். நிஜமா பயப்பட வேண்டியது பேர் அச்சடிச்ச மேல்பக்கத்துக்கு, அங்க மெல்லிய வார்னிஷுக்கு அடியிலயே அலுமினியம் இருக்கு, பேனா முனை பட்டா போச்சு. டிஸ்க ட்யூப்லைட்டுக்கு நேரா பிடிங்க, ஊசி ஓட்டை மாதிரி வெளிச்சம் தெரிஞ்சா அந்த இடத்துல தகவல் இல்ல, அந்த டிஸ்க வச்சு மெஷின குறை சொல்லக் கூடாது. துடைக்கும்போது நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நேர்கோடா துடைங்க, வட்டமா துடைச்சா கீறல் பாட்டோட பாதையிலயே நீளமா விழும், திருத்த முடியாம போயிரும்.

அப்புறம் அந்த 70 நிமிஷ சிடிய வால்யூம கம்மியா வச்சு ஆரம்பிச்சு முழுசா ஓட விடுங்க. மெஷின் சூடானப்புறம் வர்ற கோளாறு கடைல அஞ்சு நிமிஷத்துல தெரியாது, ஒரு மணி நேரம் கழிச்சுதான் தெரியும், கடைக்காரர் ஒரு வாரம் டைம் குடுத்திருந்தா முதல் நாளே இத பண்ணிருங்க.